சாவியில்லாமல் பூட்டைத் திறக்கப் பழகுவது: கேள்வி பதில்

செங்கோட்டையில் பூட்டு, சாவி வேலை பார்க்கிறேன். வேலை போக மிச்ச நேரத்தில், வாங்கிப் போட்ட பூட்டுகளைச் சாவியில்லாமல் திறந்து பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. தென்காசிப் பக்கமிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் ஆட்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, இதெல்லாம் சட்டப்படி சரியா? போலீஸ் பிடிக்காதா? (புனலூர்)

உங்கள் காசில் வாங்கிய பூட்டை உங்கள் வீட்டு மேசையில் வைத்துத் திறந்து பார்த்தால் யாருக்கும் பாதிப்பில்லை, அதில் குற்றமும் இல்லை. அடுத்தவர் பூட்டில் அவர் சம்மதம் இல்லாமல் கை வைத்தால் அப்புறம் அது பொழுதுபோக்கு இல்லை. இன்னொன்று, உங்களுடையதே ஆனாலும் தினமும் பூட்டித் திறக்கிற வாசல் பூட்டில் பழகாதீர்கள், உள்ளே கம்பி முறிந்தால் ராத்திரி திண்ணையில்தான் படுக்க வேண்டிவரும். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றவும் வேண்டாம். ஆரியங்காவு சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்தால் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள், கேட்பதும் நியாயம்தான்.

சாவியில்லாமல் எப்படித் திறக்கிறது? உள்ளே என்ன நடக்கிறது? (கடையநல்லூர்)

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860களில் செம்மைப்படுத்திய அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான கதவுச் சிலிண்டர்களில் இருக்கிறது. சாவி நுழைகிற உருளை ஒன்று, அதைச் சுற்றி அசையாத கூடு ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக மேலிருந்து கீழே வரிசையாகத் துளைகள், பெரும்பாலும் ஐந்து இருக்கும். ஒவ்வொரு துளையிலும் கீழே சாவியைத் தொடும் ஒரு பின் (சின்ன உலோகக் குச்சி), அதன்மேல் இன்னொரு பின், அதற்கு மேல் ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்பதால் உருளை திரும்பாது. சரியான சாவி போட்டால் எல்லாப் பின்களும் பிரிகிற இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்துவிடும், உருளை திரும்பிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வாருங்கள். எந்தத் தொழிற்சாலையாலும் அந்தத் துளைகளை மயிரிழை பிசகாமல் ஒரே நேர்கோட்டில் போட முடியாது. அதனால் சாவித் துளையில் வளைந்த கம்பி ஒன்றை (இதுதான் டென்ஷன் கம்பி) விட்டு உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஏதோ ஒரு பின்தான் முதலில் இறுகும், மற்றவை தொளதொளவென்று இருக்கும். இறுகியதை இன்னொரு கம்பியால் (இது கொக்கிக் கம்பி) தேடி மெதுவாக உயர்த்தினால் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், உருளை இம்மியளவு நகரும், மேல் பின் விளிம்புக்கு மேலேயே தங்கிவிடும். அடுத்து வேறொன்று இறுகும். இப்படி ஒவ்வொன்றாகப் போய்க் கடைசிப் பின்னும் ஏறினால் பூட்டு திறந்துவிடும்.

முதலில் எந்தப் பூட்டு வாங்கலாம்? திண்டுக்கல் பூட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. (வண்டிப்பெரியார், எஸ்டேட் லயம்)

தம்பி, அதை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்குத் தகுதியான வேலைதான், ஆனால் அதில் பெரும்பாலும் லீவர் அமைப்பு. பூட்டின் முகத்தில் ‘6 லீவர்’, ‘7 லீவர்’ என்று அடித்திருந்தால் உள்ளே இருப்பது பின் இல்லை, தகடுகள். அதற்குக் கருவியும் வேறு, முறையும் வேறு. ஹார்டுவேர் கடையில் விலை குறைந்த கதவுச் சிலிண்டர் ஒன்று வாங்குங்கள், ரம்பப் பல் போன்ற சாவி இருக்கும். அதைக் கழற்றி இரண்டு பின் மட்டும் விட்டுப் பழகுங்கள், கை வந்ததும் மூன்று, நான்கு என்று கூட்டுங்கள். உருளையை வெளியே தள்ளும்போது பின்னாலேயே அதே தடிமனில் ஒரு குச்சியை நுழைத்துக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் எல்லாம் தெறித்துவிடும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பூட்டு ஆன்லைனில் கிடைக்கிறது. அமைப்பைப் பார்க்க நல்லது, ஆனால் கண்ணால் பார்த்தே திறந்துவிடுவதால் விரல் ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

கருவி நாமே செய்யலாமா? (புளியரை)

செய்யலாம். பழைய ஹாக்சா பிளேடு கொக்கிக் கம்பிக்குப் போதும். கார் வைப்பரின் ரப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டையை வளைத்தால் டென்ஷன் கம்பி. சாணைக்கல்லில் தேய்க்கும்போது நுனி நீலம் பாரிக்க விடாதீர்கள், அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள், சூடேறினால் எஃகு உறுதி இழந்து பூட்டுக்குள் வளைந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தேய்த்த விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள், சொரசொரப்பு இருந்தால் பின்னின் அசைவு விரலுக்கு வராது.

நாள் கணக்காக முட்டுகிறேன் அண்ணே, ஒன்றுமே அசையவில்லை. கொக்கியை மாற்றணுமா? (குமுளி)

கொக்கி இல்லை, டென்ஷன் கம்பி பிடிக்கிற கைதான். எனக்கு வந்ததில் பாதிக்கு மேல் இதே கேள்விதான், எல்லோரும் கொக்கியைத்தான் குறை சொல்கிறார்கள். பலமாகத் திருப்பினால் எல்லாப் பின்னும் ஒன்றாக இறுகிவிடும், எது முதலில் இறுகியது என்று தெரியவே தெரியாது. வைத்தியர் நாடி பார்க்கிற அளவு அழுத்தம் போதும், விரல் நகம் வெளுத்தால் அதிகம் என்று அர்த்தம். முழுக்க விட்டாலும் ஏறிய பின்கள் எல்லாம் கீழே விழுந்துவிடும். கொக்கியைத் தொடாமல், கம்பியை மட்டும் பிடித்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இந்த வித்தையே அதில்தான் இருக்கிறது.

உருளை கொஞ்சம் திரும்பி அப்படியே நின்றுவிடுகிறது. திறந்த மாதிரி இருக்கிறது, திறக்கவில்லை. (சுரண்டை)

சந்தோஷப்படுங்கள், நல்ல பூட்டு கிடைத்திருக்கிறது. நடுவில் இடுப்பு ஒடுங்கிய பின் போட்டிருக்கிறார்கள், அந்த இடுப்பில் உருளை மாட்டி நிற்கிறது. ஒவ்வொரு பின்னாக லேசாகத் தள்ளிப் பாருங்கள், எதைத் தள்ளும்போது உருளை எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கிறதோ அதுதான் ஆள். அழுத்தத்தைத் தளர்த்தி, உருளை பின்னால் போக இடம் கொடுத்து அதை உயர்த்துங்கள்.

எங்கள் தறவாட்டில் (பூர்வீக வீட்டில்) மணிச்சித்திரத்தாழ், அதாவது கேரளத்துப் பழைய வேலைப்பாட்டுப் பூட்டு, போட்ட அறை இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது. முயன்று பார்க்கலாமா? (செங்கோட்டை)

வேண்டாம். 1956 வரை நம் ஊர் திருவிதாங்கூரோடு இருந்ததால் இங்கேயும் சில பழைய வீடுகளில் அந்த வேலைப்பாடு மிச்சமிருக்கிறது, ஒன்று உடைந்தால் திரும்பச் செய்ய ஆள் தேட வேண்டும். பழைய கொல்லுவேலை தெரிந்தவரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

என் மகனுக்கு 15 வயசு, இதிலேயே கிடக்கிறான். கெட்டுப்போவானோ என்று பயமாக இருக்கிறது அண்ணா. (களியக்காவிளை)

பயம் நியாயம்தான் தங்கச்சி. பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறான் என்று கேளுங்கள், மறைத்துச் செய்ய விடாதீர்கள், முதல் பதிலில் சொன்ன கட்டுப்பாட்டை வீட்டுச் சட்டமாக்குங்கள். ஹாப்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றியும் அவனுக்குச் சொல்லுங்கள். லண்டனில் பிராமா கம்பெனிக்காரர்கள், தங்கள் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணம்) பரிசு என்று கடை ஜன்னலில் எழுதிவைத்திருந்தார்கள். அறுபது வருஷம் யாராலும் முடியவில்லை. 1851ல் ஹாப்ஸ் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்தார். எல்லோரும் அறிய, கம்பெனியின் சம்மதத்தோடு செய்ததால்தான் அது திருட்டு இல்லை. அதற்கப்புறம் பூட்டுகளும் மேம்பட்டன.

அப்படியென்றால் வீட்டுப் பூட்டை நம்பவே முடியாதா? (பாவூர்சத்திரம்)

நம் பக்கத்துத் திருடன் உட்கார்ந்து பின் தேட மாட்டான், கடப்பாரையால் கொண்டியைப் பெயர்ப்பான். அதனால் பூட்டுக்குச் செலவழிக்கும் முன்னால் கதவைப் பாருங்கள். நாதாங்கியைச் சின்னத் திருகாணியில் விடாமல் கதவைத் துளைத்துப் போல்ட் போட்டு உள்பக்கம் நட்டு முடுக்குங்கள்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? (அச்சன்கோவில்)

விடாதீர்கள். சாரல் ஈரமும் தூசியும் அதில் ஒட்டிப் பிசுபிசுத்து, கொஞ்ச நாளில் பின்கள் ஏறி இறங்காமல் நின்றுவிடும். கிராஃபைட் தூள் வாங்கிப் போடுங்கள். கிடைக்காவிட்டால் பென்சில் கரியைச் சாவியின் பல்லில் தேய்த்து நாலைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள்.