வாசகர் கேள்வி–பதில்: சரிவுப் பாதை மேடைவரை செல்ல வேண்டும்

கேள்வி: எங்கள் கல்லூரி ஆண்டு விழாவை நடத்தும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்துள்ளது. சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருவர் பரிசு பெறுகிறார். செவித்திறன் குறைந்த மாணவர்களும் வருகிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?
– விரிவுரையாளர், மதுரை

பதில்: மேடையிலிருந்து தொடங்குங்கள். அரங்க வாசலில் சரிவுப் பாதை அமைக்கும் பல கல்லூரிகள் மேடைக்குப் படிகளை மட்டுமே வைப்பதால், பரிசு பெறுபவர் கீழேயே காத்திருக்க, விருந்தினர் இறங்கி வந்து கொடுக்க நேரிடுகிறது. நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிச் செல்வது அதைவிட வேதனையானது, ஆபத்தானதும்கூட. ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் என்பதே சரிவுக்கான அளவு. மூன்றடி மேடைக்கு 36 அடிப் பாதையும் இடையே இளைப்பாறச் சமதளமும் தேவைப்படும் என்பதால், பந்தல்காரரிடம் மேடையையே ஓரடி உயரத்தில் போடச் சொல்வது எளிது. மேலே விரிக்கும் கம்பளம் சுருண்டு சக்கரத்தில் சிக்காதபடி, அதன் ஓரங்களை இறுக ஒட்டச் செய்யுங்கள்.

சைகைமொழிபெயர்ப்பாளர்கள் இருவரை அழையுங்கள். ஒருவரே மணிக்கணக்கில் செய்தால் கையும் கவனமும் சோர்ந்துவிடும். கலைநிகழ்ச்சிக்காக விளக்குகளை அணைக்கும்போதும் அவர்கள்மீது வெளிச்சம் விழ வேண்டும். அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பாமல், பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் படிக்கும்படி யூனிகோடு எழுத்திலும் அனுப்புங்கள்.

அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் தம் கட்டடத்தையும் வளாகத்தையும் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக வைத்திருக்க 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வழிசெய்கிறது. செலவைக் காட்டி நிர்வாகம் தயங்கினால் இதை எடுத்துச் சொல்லுங்கள். அந்த மாணவியை முந்தைய நாளே அழைத்து, பாதையில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் திருத்தங்களைச் செய்யப் பந்தல்காரருக்கு அன்று மாலை அவகாசம் இருக்கும்.