மனையை விற்காதீர்கள்

"பொண்ணு பிஎஸ்சி தாவரவியல் ரெண்டாவது வருஷம் சார். அதை விட்டுட்டு ஏஐ, டேட்டா சயின்ஸ்னு இன்ஜினியரிங்ல சேர்க்கச் சொல்றார் மச்சான். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு மனையை வித்துடலாமான்னு பார்க்கிறேன். இவ ராத்திரியெல்லாம் கறுப்புத் திரையில என்னமோ தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

பயப்படாதீர்கள் என்றுதான் அந்த அப்பாவிடம் பேச ஆரம்பித்தேன். மனை என்றதும் என் குரல் மாறிவிட்டது. சார், கடன் ஏறினால் மச்சானா கட்டப்போகிறார்? என்ன தட்டுகிறாள் என்று அவளை ஒருநாளாவது கேட்டீர்களா?

நான் கேட்டேன். லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். நெல்லின் மரபணுக் கோப்பு, ஜிஎஃப்எஃப்3 வடிவம். இணையத்தில் இலவசம். ஒவ்வொரு வரியிலும் டேப் விசையின் இடைவெளி பிரித்த ஒன்பது கட்டங்கள். வில்லங்கம் ஒன்பதாவதில். அதற்குள் அரைப்புள்ளி பிரித்த குறிப்புகள், ஒவ்வொன்றிலும் பெயருக்கும் மதிப்புக்கும் நடுவே சமக்குறி. எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு துண்டு, ஆர்என்ஏ என்பது மரபணுவிலிருந்து எடுக்கும் நகல். ஒரே எக்ஸான் பல ஆர்என்ஏ-க்களுக்குப் பொதுவானால், 'பேரன்ட்' என்ற குறிப்புக்குள் அவற்றின் பெயர்கள் காற்புள்ளி போட்டு வரிசையாக நிற்கும். வெங்காயம் மாதிரி, உரிக்க உரிக்க இன்னொன்று.

முதலில் 'கட்' கட்டளையால் ஒன்பதாம் கட்டத்தை எடுத்தாள். 'டிஆர்' கொண்டு அரைப்புள்ளிகளைப் புதுவரிகளாக்கினாள். 'கிரெப்' வைத்து 'பேரன்ட்' வரிகளை மட்டும் சலித்தாள். பட்டியல் வந்தது. ஆனால் எந்தப் பெயர் எந்த எக்ஸானுடையது என்ற தொடர்பு அறுந்துபோனது. அதை அவளாகவே கண்டுபிடித்து 'ஆக்' கருவிக்கு மாறியிருக்கிறாள். 1977-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த கருவி, இன்றும் காசில்லாமல் கிடைக்கிறது. வரியைக் கையில் வைத்துக்கொண்டே ஒன்பதாம் கட்டத்தை மட்டும் அரைப்புள்ளியில் பிளந்து, தேவையான துண்டைக் காற்புள்ளியில் மறுபடி பிளக்கிறாள்.

"மூணாவது துண்டுன்னு எண்ணி எடுக்கக் கூடாது சார், குறிப்புங்க வரிக்கு வரி இடம் மாறும். பேரை வச்சுத்தான் தேடணும்" என்றாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த வேலைக்குப் பெயர் உயிரித் தகவலியல். மனிதர்களின் மரபணு மாற்றங்களைப் பதியும் விசிஎஃப் கோப்பிலும் இதே கதைதான்: டேப், அரைப்புள்ளி, சமக்குறி, காற்புள்ளி. விதை ஆராய்ச்சியிலும் மரபணுப் பரிசோதனைக் கூடங்களிலும் இப்படிப்பட்ட கோப்புகளோடுதான் மாரடிக்கிறார்கள். தாவரவியலும் தெரிந்து, அந்தக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டவும் கைவந்த பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதல் சம்பளம் மச்சான் சொல்லும் தொகையாக இராது, அதை மறைக்கமாட்டேன்.

செலவு? பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போதும். பட்டத்தை முடிக்கட்டும். எம்எஸ்சி உயிரித் தொழில்நுட்பத்துக்கு மத்திய அரசின் ஜிஏடி-பி தேர்வு இருக்கிறது, அதற்குப் படிக்கட்டும். ஆறு மாதத்தில் வேலை என்று லட்சம் கேட்கும் பயிற்சி மையத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். எரிச்சலோடு மூடி வைத்துவிட்டு எழுந்தால், அப்போது வாருங்கள், வேறு பேசுவோம். சாப்பிடக் கூப்பிட்டும் எழாவிட்டால், மச்சானுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.