பின்பக்க ரோடு எப்போது திறக்கும்?

கேள்வி: கூடுவாஞ்சேரி–நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டி மனை பார்த்திருக்கிறோம். ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போக நான்கு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ‘ஊர் வளர்ந்தால் பின்பக்க ரோடு அடுத்த லேஅவுட்டோடு சேர்ந்துவிடும், அப்புறம் ஒரு கிலோமீட்டர்தான்’ என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: அந்த ஒரு கிலோமீட்டருக்கு விலை கொடுக்காதீர்கள். தி.நகரும் அண்ணா நகரும் அரசே மொத்தமாக வரைபடம் போட்டு அமைத்தவை. எந்தத் தெருவில் நுழைந்தாலும் இன்னொன்றில் வெளியே வந்துவிடலாம். புறநகரில் கதை வேறு. ஐந்து ஏக்கர் வாங்கியவர் அதற்குள் ரோடு போடுவார், வரப்பு வந்ததும் காம்பவுண்டு எழுப்புவார். பத்து வருஷம் கழித்துப் பக்கத்து நிலத்துக்காரர் மனை போடும்போது அவர் ரோடு வேறு பக்கம் திரும்பியிருக்கும். நடுவே இருபதடி, வண்டியில் போனால் கால் மணி நேரம். அப்ரூவல் தருபவர்கள் உள்ரோட்டின் அகலத்தை டேப் வைத்து அளப்பார்கள், பக்கத்து லேஅவுட்டோடு அது சேருமா என்பது பல இடங்களில் கவனிக்கப்படாமலே போய்விடும். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தாயிற்று. எல்லைக்கோட்டுக்கு அரசாணை போதும், இந்த இருபதடிக்குத்தான் ஆளில்லை.

பிரவுச்சரில் புள்ளிக்கோடு போட்டு ‘உத்தேச சாலை’ என்றிருக்கும். யாருடைய உத்தேசம் என்று கேளுங்கள். இன்னொரு வித்தையும் உண்டு. ரோட்டைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட்டு, அதன் கடைசியில் ஓரடி நிலத்தைப் புரோமோட்டர் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வார். அடுத்த லேஅவுட்காரர் வந்தால் அந்த ஓரடிக்குத்தான் பேரம். கேட்ட தொகையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஒரே விதிவிலக்கு வண்டிப்பாதை. வருவாய்த் துறையின் இணையதளத்தில் புலப்படத்தை (அந்தச் சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் வரைபடம்) எடுத்து, பின்வரப்பை ஒட்டிப் பாதை ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் அதன் சர்வே எண்ணை அ-பதிவேட்டில், அதாவது நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேட்டில், தேடுங்கள். புறம்போக்கு வண்டிப்பாதை என்றிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். யாராவது அடைத்திருந்தால் தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். பட்டா நிலத்துக்குள் ஓடும் பாதை என்றால் கோர்ட்டுக்கு அலைய நேரலாம். இன்னொன்று, லேஅவுட்டின் ரோடு அந்தப் பாதையைத் தொட்டாக வேண்டும். நடுவே ஒரு மனை விற்றுப்போயிருந்தாலும் சரி, பாதை உங்களுக்கு உதவாது.

காலை எட்டரை மணிக்கு அந்த நான்கு கிலோமீட்டரை பைக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். புரோக்கர் மறுபடி பின்பக்க ரோட்டை இழுத்தால், அப்ரூவல் வரைபடத்தில் அதை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.