ஆச்சியின் சம்பளம்

அன்புள்ள ஐயா,

என் ஆச்சி (அம்மாவின் அம்மா) சென்ற மாதம் காலமானார். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்து 1998-ல் ஓய்வு பெற்றவர். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போனதால் என்னையும் தம்பியையும் வளர்த்தது அவர்தான். நினைவு மலர் போடலாம் என்று எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். 'அன்பின் திருவுருவம்', 'கல்விக்கே தன்னை அர்ப்பணித்தவர்' என்று நாலு பக்கம் எழுதினேன். அம்மா படித்துவிட்டு, "இதுல எங்கம்மா எங்க இருக்கா?" என்று கேட்டாள். அப்புறம், "உங்கள வளர்த்த மாதிரி என்னை வளர்க்கல. பொழுதன்னைக்கும் அவளுக்கு ஸ்கூலும் ட்யூஷனும்தான்" என்றாள். தாத்தாவுக்கு மில் வேலை போன பிறகு ஆச்சி சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. இதையெல்லாம் மலரில் எழுதலாமா?

ர.,
கல்யாண்

அன்புள்ள ர.,

உங்கள் அம்மா கேட்டது சரியான கேள்வி. நீங்கள் அனுப்பிய நாலு பக்கத்தையும் படித்தேன். ஆச்சியின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த டீச்சரின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறது. தாராவி அறுபதடி ரோட்டில் கட்டும் கண்ணீர் அஞ்சலி பேனர்களிலும் இதே சொற்கள்தான். அங்கே வட்டிக்கு விட்டவர்கூட அன்பின் திருவுருவம்தான்.

ஆனால் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, நாலு பக்கத்தில் அது இல்லை. 'தாத்தாவுக்கு மில் வேலை போன பிறகு' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய பம்பாய் துணி மில் ஸ்டிரைக்கைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அதை முறைப்படி யாரும் முடித்து வைக்கவே இல்லை. பல மில்கள் பிறகு திறக்கவில்லை. திறந்தவற்றிலும் பழைய ஆட்கள் எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. இன்று லோயர் பரேலில் அந்த நிலத்தில் மால்கள் நிற்கின்றன. பக்கத்துக் கொங்கண் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்களில் பலர் ஊருக்குப் போய்ப் பார்த்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நம் ஆட்களுக்குத் திரும்பிப் போய்ச் செய்ய என்ன இருந்தது? அந்த வருஷங்களில் எத்தனையோ வீடுகளைப் பெண்கள்தான் தாங்கினார்கள். முறுக்குச் சுட்டார்கள், அப்பளம் போட்டார்கள், மாதுங்காவில் பாத்திரம் தேய்த்தார்கள். உங்கள் வீட்டில் மாநகராட்சிச் சம்பளம் வந்தது.

ஆகவே அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். ட்யூஷன் எந்த வருஷம் ஆரம்பித்தது? ஸ்டிரைக்குக்கு அப்புறம் என்றால் அம்மாவின் மனக்குறைக்குக் காரணம் ஆச்சி மட்டுமல்ல. அதற்கு முன்பே என்றால், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் எழுதுங்கள். அம்மாவின் குறையை நீங்கள் பூசி மெழுக வேண்டாம். ஒரு பக்கத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள், அவர் பேச்சிலேயே இருக்கட்டும். நீங்கள் அறிந்த ஆச்சி பென்ஷன் வாங்கிய ஆச்சி. மடியில் போட்டுக் கதை சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. அம்மாவுக்குக் கிடைத்தவர் வேறு ஆள்.

டீச்சரைப் பற்றி எழுதும்போது சம்பளத்தைச் சொல்ல நம்மவர்கள் கூசுவார்கள். காசைச் சொன்னால் அர்ப்பணிப்புக்குக் குறைவு வந்துவிடுமாம். எனக்கு இது புரிவதே இல்லை. ஒரு சம்பளத்தில் கோலி (ஒற்றை அறை வீடு) வாடகை, தாத்தாவின் பீடி, உங்கள் அம்மாவின் படிப்பு எல்லாம் நடந்ததென்றால் அதைவிடப் பெரிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பழைய பெட்டியில் பேங்க் பாஸ்புக்கோ சம்பளச் சீட்டோ கிடைத்தால் தொகையை அப்படியே போடுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் விசாரியுங்கள். அந்த வேலை பெரும்பாலும் டீச்சர்கள் தலையில்தான் விழும். 1981 பிப்ரவரியில் உங்கள் ஆச்சிக்கும் டியூட்டி போட்டிருந்தால் தாராவிச் சந்துகளில் ஒவ்வொரு கோலியாக ஏறி இறங்கி வயது, படிப்பு, தாய்மொழி எல்லாம் கேட்டு எழுதியிருப்பார். மாதக் கடைசி இரவில் நடைபாதையில் படுத்திருப்பவர்களையும் எண்ண வேண்டும். அந்தச் சந்துகளில் யார் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது, ஓட்டுக் கேட்டு வருபவரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். வீட்டில் இதைப் பற்றி என்ன சொன்னார்? கால்வலி என்று மட்டும் சொல்லியிருந்தாலும் போதும், அதை எழுதுங்கள்.

மாணவர்களைப் பார்க்கப் போனால், "டீச்சர் எப்படிப்பட்டவங்க?" என்று கேட்காதீர்கள். 'தங்கமானவங்க' என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். எதற்குத் திட்டுவார், அடிப்பாரா, லேட்டாக வந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் வீடுகளில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும். பிள்ளைகளும் எழுந்து சட்னிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார்கள், பாதிப்பேர் பெஞ்சிலேயே தூங்கிவிடுவார்கள். அப்படித் தூங்கிய பிள்ளையை உங்கள் ஆச்சி எழுப்பினாரா, விட்டாரா? இது ஒன்று தெரிந்தாலே ஒரு பக்கம் தேறும்.

பதினாறாம் நாள் தாண்டிவிட்டது, இனி அவசரம் இல்லை. முதலாம் ஆண்டு நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அட்டையில் மெழுகுவர்த்தி, ரோஜா வேண்டாம் என்று பிரஸ்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கேட்காமலே போட்டுவிடுவார்கள். இட்லிக்காரர்களைப் பார்க்க மதியத்துக்கு மேல் போங்கள். காலையில் சைக்கிளில் அண்டா கட்டுகிற நேரத்தில் போய் நின்றால் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

அன்புடன்.