ஈழத்தலரிப் போத்து நட்டால் அடி அழுகிப் போகிறதே, ஏன்?

பக்கத்து வீட்டு மரத்தில் ஒரு கிளையை ஒடித்து வந்து அன்றைக்கே தொட்டியில் ஊன்றி, தினமும் தண்ணீர் விட்டதாகவும், மூன்று வாரத்தில் அடி கறுத்துவிட்டதாகவும் காரைக்குடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கே நட்டதும் தவறு, தினமும் தண்ணீர் விட்டதும் தவறு. மண் மேலும் கிளை மேலும் குறை இல்லை.

ஈழத்தலரி (நர்சரியில் பிளுமேரியா என்பார்கள், கள்ளிமந்தாரை என்றும் பெயர் உண்டு) தண்டிலேயே நீரைச் சேர்த்து வைத்திருக்கும். வெட்டிய போத்து வேர் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும். வேர் வருவதற்கு முன்னால் நாம் விடும் தண்ணீரை அது எடுத்துக்கொள்ளாது. ஈரம் வெட்டுவாயில் தங்கும், அதன் வழியே பூஞ்சை உள்ளே ஏறும்.

நம் பக்கத்துக்கு மாசியும் பங்குனியும்தான் சரியான பருவம். இலை உதிர்ந்து, நுனி துளிர்க்கக் காத்திருக்கும் நேரம் அது. அப்போது நட்டால் சித்திரை, வைகாசிச் சூட்டில் வேர் பிடித்து, ஐப்பசி மழைக்குள் செடி நிலைத்துவிடும். மழைக்காலத்தில் கிளை கிடைத்தால் அவசரப்பட்டு நடாதீர்கள். இலையைக் கழித்து, காகிதம் சுற்றி, ஈரம் படாத தாழ்வாரத்தில் சாய்த்து வைத்தால் தை கடைசி வரை கெடாது.

நுனிக்கிளையாகப் பாருங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை அடி நீளம், பெருவிரல் கனம், பச்சைத் தோல் மாறிச் சாம்பல் நிறம் வந்திருக்க வேண்டும். இளம்பச்சைத் தண்டுதான் முதலில் அழுகும். ஒடித்தால் தோல் கிழியும், ஆகவே ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள். இலைகளைக் காம்பு அரை அங்குலம் விட்டு நறுக்கினால் போதும், மிச்சம் தானே உதிரும். பூ மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள், வேருக்குப் போக வேண்டிய சத்தை அது தின்றுவிடும். பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் படவே கூடாது.

அடுத்து உலர்த்துவது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் பத்து முதல் பதினைந்து நாள் வையுங்கள். முதல் நாள் பால் காய்ந்து மெல்லிய ஆடை கட்டும். பிறகு தோலின் விளிம்பு கொஞ்சம் உள்வாங்கும். வெட்டுவாய் முழுக்கப் பழுப்பேறி, நகத்தால் அழுத்தினாலும் தடம் பதியாத அளவுக்கு இறுகினால் நடலாம். அதற்குள் தண்டில் லேசான சுருக்கம் விழும், பயப்பட வேண்டாம். உருண்டை இலை கொண்ட, இலை உதிராத வெள்ளை வகைக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதலாகக் கொடுங்கள், அது வேர் விடுவதிலும் மெதுவு. கூர்நுனி இலை கொண்ட சிவப்பு, மஞ்சள் வகைகள் எளிதில் பிடிக்கும்.

செட்டிநாட்டுச் செம்மண்ணை மட்டும் போட்டால் காய்ந்ததும் கட்டியாக இறுகும், நனைந்தால் சீக்கிரம் உலராது. கழுவிய பருமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கடலை அளவுக்கு உடைத்த பழைய ஓட்டுச் சில்லு ஒரு பங்கு சேருங்கள். எம்-சாண்ட் என்றால் தூளைச் சலித்து நீக்கிவிட்டுக் கழுவ வேண்டும். எரு இப்போது வேண்டாம். எட்டு அங்குல மண்தொட்டி போதும். காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லித் தூளை லிட்டருக்கு மூன்று கிராம் கரைத்து, அடிப்பகுதியைப் பத்து நிமிடம் நனைத்து, ஒரு நாள் உலரவிட்டு, மூன்று நான்கு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். பக்கத்தில் குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். போத்து ஆடினால் அரும்பும் வேர் அறுந்துபோகும்.

நட்ட அன்று கலவை லேசாக ஈரமாக இருந்தால் சரி. பிறகு இரண்டு வாரம் ஒன்றும் வேண்டாம். அதற்கப்புறம் பத்து நாளைக்கு ஒரு டம்ளர். காலை வெயில் விழும் கிழக்குப் பக்கம் வையுங்கள். சித்திரையில் மொட்டைமாடித் தளம் தொட்டியின் அடியையே வேகவைத்துவிடும். முற்றத்தில் வைப்பதானால் கூரைத் தண்ணீர் கொட்டும் ஓரத்தைத் தவிருங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் நுனியில் இலை எட்டிப் பார்க்கும். அது வேர் வந்த அடையாளம் இல்லை, தண்டிலிருந்த சேமிப்பில் வந்தது. விரல் நீளத்தோடு நின்றுவிடும். இதைப் பார்த்துச் சந்தோஷத்தில் தண்ணீரைக் கூட்டித்தான் பல போத்துகள் அழுகுகின்றன. இலை ஒரு சாணுக்கு மேல் நீண்டு, மூன்றாவது நான்காவது இலையும் விரிந்தால் வேர் ஓடிவிட்டது என்று நம்பலாம், பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில். அதன் பிறகு மேல்மண் காய்ந்ததும் தண்ணீர், மாதம் ஒரு பிடி மண்புழு உரம்.

அடியை விரலால் அழுத்தி மெத்தென்று இருந்தால் உடனே பிடுங்குங்கள். ஒவ்வொரு அங்குலமாக மேலே வெட்டிக்கொண்டே போங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். உட்சதையில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் வெண்மையாகத் தெரிந்தால் நிறுத்தலாம். அரை அடி மிஞ்சினாலும் மறுபடி உலர்த்தி நடலாம்.

மழைக்காலத்தில் இலையடியில் ஆரஞ்சுத் தூள் படிந்தால் துரு நோய். அந்த இலைகளைப் பறித்து எரித்துவிட்டு, மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து தெளியுங்கள். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, ஒரு லிட்டரில். இலை செழித்தும் பூக்கவில்லை என்றால் நிழல் காரணமாக இருக்கும், அல்லது யூரியா அதிகம். ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும்.

தரையில் நட, வேர் தொட்டியை நிறைக்கும் வரை பொறுங்கள். சுவரிலிருந்து எட்டடி தள்ளி, மேடு கட்டி நடுங்கள். ஒற்றைக் குச்சியாகவே வளர்கிறதே என்று தலையைக் கிள்ள வேண்டாம். முதல் பூங்கொத்து வந்த இடத்திலேயே இரண்டு மூன்று கிளை பிரியும். இரண்டு வருடமாகியும் பிரியாவிட்டால் அடுத்த மாசியில் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் அதே காப்பர் தூளைத் தடவிவிடுங்கள்.