தாக்கியது யார்?

அன்புள்ள ஐயா,

வகுப்பில் தகுதி வழக்கு என்ற இலக்கணப் பாடம் நடத்தினேன். சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல்; அமங்கலமானதை மங்கலச் சொல்லால் சொல்வது மங்கலம். 'தூய்மைப் பணியாளர்' என்பது இடக்கரடக்கலா, மங்கலமா என்று ஒரு மாணவி கேட்டாள். சட்டென்று சொல்ல முடியவில்லை. 'மூத்த குடிமக்கள்', 'மாற்றுத்திறனாளி' எல்லாமே இந்த வகைதானா? பெயரை மாற்றியது நல்லதுதானே?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பெண்ணுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மூத்த குடிமக்களை விடுங்கள், பஸ்ஸில் இடம் கிடைத்தால் போதும் என்றிருக்கிறோம். மாற்றுத்திறனாளியிலும் எனக்குக் குறையில்லை. 2020இல் தமிழக அரசு துப்புரவைத் தூய்மையாக்கியதும் சரியே. ஒருவரை மரியாதையாக அழைப்பதில் என்ன ஏமாற்று? நன்னூலின் எந்தப் பெட்டியில் போடலாம் என்று நீங்கள் பெயர்ச்சொல்லையே உருட்டிக்கொண்டிருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. வினைச்சொல்லைப் பாருங்கள், டீச்சர்!

'கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி இருவர் பலி.' இதை நானே எழுதியிருக்கிறேன். இருபத்து நான்கு வயதில், ஒரு நாளிதழின் இரவுப் பணியில், நிருபர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல. ஆறு சொல்லில் அடக்கிவிட்டதாகப் பெருமை வேறு. 'தாக்கி'க்கு எழுவாய் எது? விஷவாயு. அது அரிவாளோடு வந்து வழிமறித்ததா? மூடியைத் திறந்து, இடுப்பில் கயிறு கட்டி இறக்கியவன் எங்கே போனான்? கூலி பேசியவன்? 'பலி' என்றால் கொடுத்தவன் ஒருவன் இருந்தாக வேண்டுமே! நிருபர் ஒப்பந்தக்காரரின் பெயரையும் சொன்னார். இடமில்லை என்று வெட்டியவன் நான்தான். அந்தப் பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு இடமிருந்தது.

சட்டமும் இந்த வித்தை அறியாததல்ல. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையால் மலம் அள்ளுவது வேறு, சாக்கடைக்குள் இறங்கும் 'அபாயகரமான துப்புரவு' வேறு. அரசு அறிவிக்கும் கருவிகளும் பாதுகாப்பு உடையும் இருந்தால், மலம் அள்ளுபவர் மலம் அள்ளுபவரே ஆகமாட்டார் என்று விளக்கமும் உண்டு. அதனால்தான் 2021இல், கையால் மலம் அள்ளியதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்ல முடிந்தது. தொட்டிக்குள் மூச்சடைத்துச் செத்தவர்கள் வேறு கணக்கு. அதற்கு வேறு அட்டவணை.

இடக்கரடக்கலா, மங்கலமா என்றுதானே கேட்டீர்கள்? அவள் எதை எழுதினாலும் மதிப்பெண் போட்டுவிடுங்கள்.