கடும் வேலைக்கு எந்த மடக்குக் கத்தி தாங்கும்?

முதலில் பூட்டைப் பாருங்கள். விரித்த அலகு தானாக மடங்காமல் பிடித்து நிற்கும் பகுதிதான் பூட்டு. பூட்டில்லாத சின்னக் கத்தியில் ஒரு வில்தகடு அலகை அழுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்; சும்மா சாத்திய கதவுக்கும் தாழ்ப்பாள் போட்ட கதவுக்கும் உள்ள வித்தியாசம். திருகோணமலைக் கரையில் நனைந்த நைலோன் கயிறு அறுக்கும்போது முனை சிக்கி, அலகின் முதுகில் பாரம் விழுந்தால் அது விரல்மேல் மடங்கும். கடையிலேயே விரித்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால், எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம், ஈரக்கையில் வழுக்காத சொரசொரப்பான பிடி வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள்; அதிலுள்ள குரோமியம் உண்டாக்கும் மெல்லிய காப்புப் படலத்தையும் கடல் உப்பு அரிக்கும் என்பதால், நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.